1990 பிரித்தானியப் பழமைவாதக் கட்சித் தலைமைத் தேர்தல்

1990 பிரித்தானியப் பழமைவாதக் கட்சித் தலைமைத் தேர்தல் என்பது, ஐக்கிய இராச்சியத்தின் ஆளுங்கட்சியாக இருந்த பழமைவாதக் கட்சி தனது தலைவரைத் தெரிவு செய்வதற்காக 1990 நவம்பர் 20, 27 ஆகிய நாட்களில் இரு சுற்றுகளாக நடத்திய உட்கட்சித் தேர்தல் ஆகும். இத்தேர்தலின் விளைவாகப் பதினொன்றரை ஆண்டுகள் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் பதவி விலகினார். நிதியமைச்சராக இருந்த ஜான் மேஜர் கட்சித் தலைவராகவும் பிரதமராகவும் ஆனார். முதல் சுற்றில் அதிக வாக்குகள் பெற்றவர் தாட்சரே. பாதிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஆதரவையும் அவர் பெற்றிருந்தார். எனினும் கட்சி விதிப்படி அது போதவில்லை. வென்றும் தோற்ற இந்நிகழ்வைப் புரிந்துகொள்ள, அவ்விதி எவ்வாறு உருவானது என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

தலைவர் 'தோன்றிய' காலம்

1965ஆம் ஆண்டு வரை பழமைவாதக் கட்சியில் தலைமைத் தேர்தல் என்ற ஒன்றே கிடையாது. கட்சியின் மூத்தோர் தமக்குள் கலந்துபேசி ஒருவரை முன்னிறுத்துவர். இவ்வாறு தலைவர் 'தோன்றுவார்' என்றே அக்காலத்தில் கூறப்பட்டது. 1957இல் அந்தோனி ஈடன் விலகியபோது, சால்ஸ்பரி பிரபு அமைச்சர்களை ஒவ்வொருவராக அழைத்து, பட்லரா மாக்மில்லனா என்று கேட்டறிந்தார். பெரும்பான்மையோர் கூறியபடி ஹரால்ட் மாக்மில்லன் பிரதமரானார்.

1963இல் மாக்மில்லன் நோயுற்று மருத்துவமனையில் இருந்தபடியே பதவி விலகியபோது இம்முறை பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. பலரும் எதிர்பார்த்த பட்லருக்கு மாறாக, பிரபுக்கள் அவையில் இருந்த ஹோம் பிரபு தெரிவானார். மக்களவையில் அமர்வதற்காக அவர் தமது பிரபுப் பட்டத்தைத் துறந்து, அலெக் டக்ளஸ்-ஹோம் என்ற பெயரில் இடைத்தேர்தலில் நின்று வெல்ல வேண்டியிருந்தது. இயன் மக்லியோட், ஈனக் பவல் ஆகிய இரு அமைச்சர்கள் அவரது அமைச்சரவையில் சேர மறுத்தனர். மக்லியோட் 1964 சனவரியில் எழுதிய கட்டுரையில், தலைவரைத் தெரிவு செய்த சிறு குழுவினரை 'மந்திர வட்டம்' என்று குறிப்பிட்டார். அச்சொல் நிலைத்துவிட்டது.

1964 பொதுத் தேர்தலில் கட்சி தோற்றபின், டக்ளஸ்-ஹோம் தாமே முன்வந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கான எழுத்து வடிவ விதிகளை 1965 பிப்ரவரியில் ஏற்படுத்தினார். பழைய முறையால் பயனடைந்த ஒருவரே அதற்கு முடிவு கட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு சூலையில் நடந்த முதல் தேர்தலில் எட்வர்ட் ஹீத் 150, ரெஜினால்ட் மோட்லிங் 133, ஈனக் பவல் 15 என வாக்குகள் பெற்றனர். விதி கோரிய வாக்கு இடைவெளி ஹீத்துக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் மற்ற இருவரும் விலகிக்கொண்டதால் இரண்டாம் சுற்று தேவைப்படவில்லை.

15 விழுக்காட்டு விதி

1965 விதிகளில் ஒரு குறை இருந்தது. பதவி காலியானால் தலைவரைத் தேர்ந்தெடுக்க வழி இருந்ததே தவிர, பதவியில் இருப்பவரை எதிர்த்துப் போட்டியிட வழி இருக்கவில்லை. 1974இல் இரண்டு பொதுத் தேர்தல்களில் தோற்றபிறகும் ஹீத் விலக மறுத்தபோது இக்குறை வெளிப்பட்டது. டக்ளஸ்-ஹோம் தலைமையிலான குழுவே மீண்டும் விதிகளைத் திருத்தியது. இதன்படி, தலைவர் பதவிக்கு ஆண்டுதோறும் போட்டியிட இயலும். போட்டியிட விரும்பும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு முன்மொழிபவரும் ஒரு வழிமொழிபவரும் இருந்தால் போதும். வாக்குரிமை கட்சியின் மக்களவை உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. வாக்கெடுப்பு இரகசியமானது.

முதல் சுற்றிலேயே வெல்ல இரு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, வாக்குரிமை உள்ளோரில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு. மற்றொன்று, அடுத்து வருபவரைக் காட்டிலும், வாக்குரிமை உள்ளோர் எண்ணிக்கையில் 15 விழுக்காடு அதிகமான வாக்குகள். 1965இல் இந்த 15 விழுக்காடு பதிவான வாக்குகளைக் கொண்டு கணக்கிடப்பட்டது. 1975 முதல் வாக்குரிமை உள்ள அனைவரையும் கொண்டு கணக்கிடப்பட்டது. சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், வாக்களிக்காமல் இருப்பதே தலைவருக்கு எதிரான செயலாக ஆகிவிடும் என்பது இதன் பொருள். முதல் சுற்றில் முடிவு கிட்டாவிடில் இரண்டாம் சுற்று நடைபெறும். அதில் புதியவர்களும் களமிறங்கலாம். பாதிக்கு மேல் பெற்றால் போதும்.

இத்திருத்தத்தால் முதலில் பயனடைந்தவர் தாட்சரே. 1975 பிப்ரவரியில் நடந்த முதல் சுற்றில் அவர் 130 வாக்குகளும் ஹீத் 119 வாக்குகளும் பெற்றனர். ஹீத் விலகினார். இரண்டாம் சுற்றில் தாட்சர் 146 வாக்குகளுடன் வென்றார். கட்சியின் பெருந்தலைகள் ஹீத்துக்கு எதிராக நிற்கத் தயங்கிய வேளையில் துணிந்து நின்றதன் பலன் அது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே கதவு வழியாகவே அவர் வெளியேற நேர்ந்தது.

பின்னணி

1979, 1983, 1987 என மூன்று பொதுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்ற தாட்சரின் செல்வாக்கு 1989 முதல் சரியத் தொடங்கியது. இதற்கு இரு முதன்மைக் காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, உள்ளாட்சிகளுக்கான புதிய வரி. வீட்டின் மதிப்பைக் கொண்டு விதிக்கப்பட்ட பழைய வரிக்குப் பதிலாக, வயது வந்த ஒவ்வொருவர் மீதும் ஒரே அளவில் விதிக்கப்பட்ட இவ்வரிக்கு 'சமூகக் கட்டணம்' என்பது அதிகாரப்பூர்வப் பெயர். மக்கள் அதனைத் தலைவரி என்றே அழைத்தனர். மாளிகைவாசியும் குடிசைவாசியும் ஒரே தொகையைச் செலுத்த வேண்டும் என்பதை எவராலும் நியாயப்படுத்த இயலவில்லை. இசுக்கொட்லாந்தில் 1989இலும், இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளில் 1990 ஏப்ரலிலும் இது நடைமுறைக்கு வந்தது. 1990 மார்ச் 31 அன்று இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நடந்த எதிர்ப்புப் பேரணி கலவரத்தில் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஈசுட்போர்ன் இடைத்தேர்தலில் கட்சி தனது பாதுகாப்பான தொகுதியை இழந்தது. இதன் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினர் பலரின் கவலை தமது சொந்தத் தொகுதி பற்றியதாக ஆனது.

இரண்டாவது காரணம் ஐரோப்பா. ஐரோப்பிய ஒருங்கிணைப்பு, பொது நாணயம் ஆகியவற்றில் தாட்சர் காட்டிய எதிர்ப்பு, அவரது மூத்த அமைச்சர்களையே அவரிடமிருந்து விலக்கியது. நிதியமைச்சர் நைஜல் லாசன் 1989 அக்டோபரில் பதவி விலகினார். அதே ஆண்டு டிசம்பரில் ஆண்டனி மேயர் என்ற, பரவலாக அறியப்படாத உறுப்பினர் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டார். இவர் ஆழம் பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டவர் என்றே கருதப்பட்டது. தாட்சர் 314 வாக்குகளுடன் எளிதில் வென்றார். மேயருக்குக் கிடைத்தவை 33. ஆனால் செல்லாத வாக்குகளையும் வாக்களிக்காதோரையும் சேர்த்தால், 374 பேரில் 60 பேர் தலைவரை ஆதரிக்கவில்லை. அந்த 60 என்ற எண்ணைத் தாட்சரின் அணியினர் உரிய கவனத்துடன் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

ஹாவின் உரை

1979இல் தாட்சர் அமைத்த முதல் அமைச்சரவையைச் சேர்ந்தவர்களில் 1990 வரை அவருடன் எஞ்சியிருந்தவர் ஜெஃப்ரி ஹாவ் மட்டுமே. நிதியமைச்சர், வெளியுறவு அமைச்சர் ஆகிய பொறுப்புகளை வகித்த இவர், 1989இல் வெளியுறவுத் துறையிலிருந்து மாற்றப்பட்டுத் துணைப் பிரதமர் என்ற பெயரளவிலான பதவியில் இருந்தார். 1990 அக்டோபர் 30 அன்று, ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோரின் திட்டங்களைப் பற்றி மக்களவையில் பேசிய தாட்சர், மூன்று முறை 'இல்லை' என்று கூறி அவற்றை நிராகரித்தார். இரு நாட்கள் கழித்து, நவம்பர் 1 அன்று, ஹாவ் பதவி விலகினார்.

நவம்பர் 13 அன்று ஹாவ் மக்களவையில் தமது விலகலுக்கான காரணத்தை விளக்கினார். மென்மையாகப் பேசுபவர், தூக்கம் வரவழைப்பவர் என்றெல்லாம் கேலி செய்யப்பட்ட அவர் அன்று ஆற்றிய உரை, பிரித்தானிய நாடாளுமன்ற வரலாற்றில் மிகவும் பேசப்படும் உரைகளில் ஒன்றாயிற்று. ஐரோப்பாவுடன் பேச்சு நடத்தச் செல்லும் அமைச்சர்களின் நிலையைத் துடுப்பாட்டத்துடன் ஒப்பிட்டார் அவர்: தொடக்க ஆட்டக்காரர்கள் களமிறங்கி முதல் பந்தை எதிர்கொள்ளும்போதுதான், ஆட்டத்துக்கு முன்பே தமது மட்டைகளை அணித்தலைவர் உடைத்துவிட்டார் என்பதை அறிகிறார்கள். உரையின் இறுதியில், விசுவாசங்களுக்கிடையிலான இந்த முரண்பாட்டில் தாம் எடுத்த முடிவைப் பற்றி மற்றவர்களும் சிந்திக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றார். அவை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பின்னால் ஹாவ் பேச, முன்வரிசையில் தாட்சர் இறுகிய முகத்துடன் அமர்ந்திருந்த காட்சியை நாடே கண்டது.

மறுநாள், நவம்பர் 14 அன்று, மைக்கேல் ஹெசல்டைன் போட்டியிடுவதாக அறிவித்தார். பாதுகாப்பு அமைச்சராக இருந்த இவர், வெசுட்லாந்து உலங்குவானூர்தி நிறுவனம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் 1986இல் அமைச்சரவைக் கூட்டத்திலிருந்தே எழுந்து வெளியேறியவர். தாம் வென்றால் தலைவரியை உடனடியாக மறுபரிசீலனை செய்வதாக உறுதியளித்தார்.

முதல் சுற்று

வாக்கெடுப்பு நவம்பர் 20 அன்று என முடிவாகியிருந்தது. அதே நாட்களில் பனிப்போரின் முடிவைக் குறிக்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாடு பாரிசில் நடைபெற்றது. தாட்சர் அதில் கலந்துகொள்ளச் சென்றார். இதனால் வாக்கெடுப்பின்போது அவர் நாட்டிலேயே இல்லை. ஹெசல்டைன் நாடாளுமன்றத்தின் நடைபாதைகளிலும் தேநீர் அறையிலும் உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து ஆதரவு திரட்டினார். பதவியில் இருக்கும் பிரதமர் வாக்குக் கேட்டு அலைவது தமக்குப் பொருத்தமற்றது எனத் தாட்சர் கருதினார். அவரது பரப்புரைக்குப் பொறுப்பேற்றிருந்த பீட்டர் மாரிசனின் கணிப்புகள் மிகையான நம்பிக்கையுடன் இருந்தன. வாக்கெடுப்புக்கு முதல் நாள் பிற்பகல் தாம் சென்று பார்த்தபோது மாரிசன் தமது அறையில் உறங்கிக்கொண்டிருந்ததாக, அப்போது இளநிலை அமைச்சராக இருந்த ஏலன் கிளார்க் தமது நாட்குறிப்பில் எழுதியுள்ளார். நேருக்கு நேர் 'உங்களுக்கே என் வாக்கு' என்று கூறிவிட்டு இரகசிய வாக்கெடுப்பில் வேறு விதமாக வாக்களிப்போர் எந்த நாட்டிலும் உண்டு. இதைக் கணக்கில் கொள்ளாததே அவ்வணியின் பெரும் பிழை.

முடிவு பின்வருமாறு அமைந்தது: தாட்சர் 204, ஹெசல்டைன் 152. எவருக்கும் வாக்களிக்காதோர் 16. மொத்த உறுப்பினர்கள் 372.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 372இல் பாதிக்கு மேல் என்றால் 187. தாட்சர் இதனை எளிதில் கடந்துவிட்டார். 372இல் 15 விழுக்காடு 55.8, அதாவது 56 வாக்குகள் முன்னிலை தேவை. அவருக்குக் கிடைத்த முன்னிலை 52. குறைவு வெறும் நான்கு. ஹெசல்டைனுக்கு வாக்களித்தவர்களில் இருவர் மட்டும் தாட்சருக்கு வாக்களித்திருந்தால் 206க்கு 150 என்றாகி, முன்னிலை சரியாக 56 ஆகியிருக்கும். அல்லது எவருக்கும் வாக்களிக்காத 16 பேரில் நால்வர் அவருக்கு வாக்களித்திருந்தாலும் 208க்கு 152 என்று அதே இடைவெளி கிடைத்திருக்கும். ஏறத்தாழ நான்கரைக் கோடி வாக்காளர்களைக் கொண்ட ஒரு நாட்டின் பிரதமர் யார் என்பது, அன்று மாலை இரண்டு பேரின் கையில் இருந்தது.

முடிவு பாரிசில் உள்ள பிரித்தானியத் தூதரகத்தில் தாட்சருக்குத் தெரிவிக்கப்பட்டது. பிபிசி செய்தியாளர் ஜான் சார்ஜன்ட் தூதரக வாயிலில் நேரடி ஒளிபரப்பில் பேசிக்கொண்டிருந்தபோதே, அவருக்குப் பின்னால் படிகளில் இறங்கி வந்த தாட்சர், இரண்டாம் சுற்றிலும் போட்டியிடப் போவதாக அறிவித்தார். மாநாட்டுக்கு உடன் சென்றிருந்த வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் அவருக்குத் தமது ஆதரவைத் தெரிவித்தார். அன்றிரவு வெர்சாய் அரண்மனையில் நடந்த விருந்திலும் தாட்சர் திட்டமிட்டபடி கலந்துகொண்டார்.

நவம்பர் 21

மறுநாள் இலண்டன் திரும்பிய தாட்சர், தொடர்ந்து போராடப் போவதாகவும் வெல்வதற்காகவே போராடுவதாகவும் செய்தியாளர்களிடம் கூறினார். ஆனால் அதற்குள் நிலைமை மாறிவிட்டிருந்தது. முதல் சுற்றில் கட்டாயத்தின் பேரில் வாக்களித்த பலர், இரண்டாம் சுற்றில் அணி மாறத் தயாராக இருந்தனர்.

அன்று மாலை, நாடாளுமன்றக் கட்டிடத்தில் உள்ள தமது அறையில் தாட்சர் அமைச்சர்களைத் தனித்தனியே சந்தித்தார். அவர்களை ஒன்றாக அழைத்திருந்தால் ஒருவர் முன் ஒருவர் விசுவாசத்தைக் காட்ட வேண்டிய நெருக்கடி ஏற்பட்டிருக்கலாம். தனித்தனியே வந்ததால் மனம் திறந்து பேசுவது எளிதாயிற்று. ஒருவர் பின் ஒருவராக வந்த பெரும்பாலோர் ஏறத்தாழ ஒன்றையே கூறினர்: தாங்கள் அவரை ஆதரிப்பதாகவும், ஆனால் அவரால் வெல்ல இயலாது என்றும். கென்னத் கிளார்க் போன்ற சிலர் அவர் விலக வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறினர். சொந்த அமைச்சரவையே நம்பிக்கை இழந்தபின் போட்டியிடுவதில் பொருளில்லை என்ற முடிவுக்குத் தாட்சர் வந்தார். 1993இல் அளித்த ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், அது முகத்தில் புன்னகையுடன் செய்யப்பட்ட துரோகம் என்று அவர் குறிப்பிட்டார். அமைச்சர்களின் தரப்பிலிருந்து பார்த்தால், ஹெசல்டைன் வெல்வதைத் தடுக்க வேறு வழி இருக்கவில்லை என்பதும் உண்மையே.

நவம்பர் 22 காலை அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் தமது விலகலை அறிவித்தார். அன்று பிற்பகலே எதிர்க்கட்சியான தொழிற்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது அவர் மக்களவையில் பேச வேண்டியிருந்தது. காலையில் பதவியைத் துறந்தவர் மாலையில் ஆற்றிய அவ்வுரை அவரது மிகச் சிறந்த உரைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவரை வீழ்த்திய அதே உறுப்பினர்கள் ஆரவாரம் செய்து அதனைக் கேட்டனர்.

இரண்டாம் சுற்று

முதல் சுற்றில் தாட்சரின் பெயரை முன்மொழிந்தவர் டக்ளஸ் ஹர்ட். வழிமொழிந்தவர் ஜான் மேஜர். தாட்சர் விலகியதும் இவ்விருவருமே வேட்பாளர்களாயினர். அந்த முக்கியமான நாட்களில் மேஜர் பல் அறுவைச் சிகிச்சை முடிந்து ஹண்டிங்டன் அருகே உள்ள தமது வீட்டில் ஓய்வில் இருந்தார். இதனால் சதியில் பங்கு பெற்றவர் என்ற பழி அவர் மீது விழவில்லை.

ஹர்ட் புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் பயின்றவர். மேஜர் பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். இந்த வேறுபாடு பரப்புரையில் பெரிதாகப் பேசப்பட்டது. தாட்சரின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் மேஜரின் பக்கம் சாய்ந்தனர். ஹெசல்டைன் வந்தால்தான் அடுத்த பொதுத் தேர்தலில் வெல்ல முடியும் என்ற வாதமும் வலுவிழந்தது. மேஜராலும் தொழிற்கட்சியை வெல்ல இயலும் எனக் கருத்துக்கணிப்புகள் காட்டின.

நவம்பர் 27 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் மேஜர் 185, ஹெசல்டைன் 131, ஹர்ட் 56 என வாக்குகள் பெற்றனர். தேவையான 187க்கு மேஜருக்கு இரு வாக்குகள் குறைந்தன. எனினும் மற்ற இருவரும் உடனடியாக விலகி அவருக்கு ஆதரவளித்தனர். கட்சியின் பின்வரிசை நாடாளுமன்ற உறுப்பினர்களது அமைப்பான 1922 குழுவின் தலைவர் கிரான்லி ஆன்ஸ்லோ மூன்றாம் சுற்று நடைபெறாது என அறிவித்தார். (1922இல் முதன்முறையாகத் தேர்வான உறுப்பினர்கள் 1923இல் தொடங்கியது என்பதால் இக்குழுவுக்கு இப்பெயர்.) முதல் சுற்றில் தாட்சர் பெற்றது 204, வென்றவர் பெற்றது அதனினும் 19 குறைவு. மேஜர் நவம்பர் 28 அன்று தமது 47ஆம் வயதில் பிரதமரானார்.

விளைவுகள்

மேஜர் ஹெசல்டைனையே சுற்றுச்சூழல் அமைச்சராக நியமித்துத் தலைவரியை மாற்றும் பணியை ஒப்படைத்தார். 1993இல் அவ்வரி நீக்கப்பட்டு, வீட்டின் மதிப்பைச் சார்ந்த புதிய வரி நடைமுறைக்கு வந்தது. 1992 ஏப்ரல் பொதுத் தேர்தலில் 21 இடங்கள் பெரும்பான்மையுடன் கட்சி நான்காம் முறையாக வென்றது. ஆயினும் தாட்சர் அகற்றப்பட்ட விதம் ஏற்படுத்திய காயம் ஆறவில்லை. ஐரோப்பா தொடர்பான உட்கட்சிப் பூசல் மேஜரின் ஆட்சிக்காலம் முழுவதும் நீடித்தது. 1995இல் அவரே தலைவர் பதவியைத் துறந்து, தம்மை எதிர்ப்போரைப் போட்டிக்கு அழைத்தார். ஜான் ரெட்வுட்டை 218க்கு 89 என வென்றார்.

விதிகளும் மாறின. ஒரு முன்மொழிபவரும் ஒரு வழிமொழிபவரும் இருந்தால் பிரதமரையே எதிர்த்து நிற்கலாம் என்ற ஏற்பாடு 1991இல் கைவிடப்பட்டு, கட்சியின் மக்களவை உறுப்பினர்களில் பத்து விழுக்காட்டினரின் எழுத்து மூலமான கோரிக்கை தேவை என்றாயிற்று. 1990இல் தொகுதிக் கட்சி அமைப்புகள் பெரும்பாலும் தாட்சரையே ஆதரித்தன. ஆனால் அவற்றுக்கு வாக்கில்லை. இக்குறையைப் போக்க, வில்லியம் ஹேக் தலைவராக இருந்தபோது 1998இல் புதிய முறை கொண்டுவரப்பட்டது. இதன்படி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரைத் தெரிவு செய்ய, அவர்களில் ஒருவரைக் கட்சியின் அனைத்து உறுப்பினர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். பதவியில் இருக்கும் தலைவரை நேரடியாக எதிர்த்து நிற்பதற்குப் பதிலாக, நம்பிக்கை வாக்கெடுப்பு என்ற தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் தோற்ற தலைவர் மீண்டும் போட்டியிட இயலாது.

புதிய முறை புதிய சிக்கலைக் கொணர்ந்தது. 2001இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் இறுதிச் சுற்றில் கென்னத் கிளார்க் 59, இயன் டங்கன் சுமித் 54, மைக்கேல் போர்ட்டிலோ 53 என வாக்குகள் பெற்றனர். கட்சியினர் வாக்கெடுப்பில் டங்கன் சுமித் 155,933க்கு 100,864 என்று பெருவெற்றி பெற்றார். தம்முடன் அவையில் அமர்ந்திருந்தோரில் மூன்றில் ஒரு பங்கினரின் முதல் விருப்பமாகக் கூட இல்லாத அவர், 2003இல் நம்பிக்கை வாக்கெடுப்பில் 90க்கு 75 என்று தோற்று விலகினார். 2022இல் லிஸ் டிரஸ் கட்சியினரின் வாக்குகளால் ரிஷி சுனக்கை 81,326க்கு 60,399 என வென்று பிரதமரானார். 49 நாட்களே பதவியில் இருந்த அவருக்குப் பின், கட்சியினர் வாக்கெடுப்பு எதுவுமின்றியே சுனக் அப்பதவிக்கு வந்தார்.